வங்கிக்குப் போகும் முன்

மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். குறுவை நெல் விற்ற பணம் ஊருக்குள் வந்தால்தான் எங்களுக்கும் வேலை. 2018 கஜா புயலில் கூரைத் தகரம் பறந்து, தைத்து மடித்து வைத்த ஜாக்கெட்டெல்லாம் சேறாகிப் போனது. கையில் ஒரு பதிவுக் காகிதமும் இல்லாததால் கடன் கேட்கவே கூசினேன். கடைக்குக் கடன் கேட்கப் போகும் நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்பவர்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் போதும். கட்டணமே கிடையாது, யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அப்புறம் வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள், சிறுதொழிலுக்கான அரசுத் திட்டக் கடன் அது. 50,000 ரூபாய் வரை கேட்டால் சிசு என்ற பிரிவு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவு. அடமானம் தேவையில்லை. வாங்கப்போகும் மெஷினுக்குக் கடைக்காரரிடம் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் ‘அடுத்த வாரம் வாங்க’ என்பார்கள்.

மானியமும் வேண்டுமா? சரி, திருவாரூர் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள்.