மலை ஊர் டாக்டர்கள் சறுக்கும் இடங்கள்

கோத்தகிரியிலோ கூடலூரிலோ கிளினிக் நடத்தும் டாக்டர் விதியை மீறுவது முகதாட்சண்யத்தால்தான் அதிகம். நோயாளி, அவருடைய முதலாளி, மருந்துக்கடைக்காரர் எல்லோருமே தெரிந்த முகங்கள். 2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்தான் அளவுகோல்.

எஸ்டேட் ஆபீஸிலிருந்து போன் வரும்: "நம்ம ஆளுக்கு என்ன சார் பிரச்சினை?" அக்கறையாகவே கேட்டாலும், நோயாளி சம்மதிக்காமல் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. நீதிமன்றம் கேட்டால், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றாக இருந்தால், இன்னொருவருக்குப் பெரிய ஆபத்து இருந்தால் மட்டும் விலக்கு.

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் சிக்கிள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உண்டு. ஒரு பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு மாப்பிள்ளை வீட்டுக்குக் கசிந்துவிட்டால், மரபணுவைச் சுமப்பவர் பொதுவாக ஆரோக்கியமாகவே இருப்பார் என்று அப்புறம் விளக்கி என்ன பயன்? கம்பவுண்டரிடமும் லேப் பையனிடமும் இதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கரடி தாக்கிய காயத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் இதே ரகம். முகத்தை மறைத்தால் போதாது. கரடி யாரைத் தாக்கியது என்று ஊருக்கே தெரியும்.

அடுத்தது சான்றிதழ். "போன திங்கள்லருந்து போட்டுக் குடுங்க சார்" என்று தேயிலைத் தொழிலாளி கெஞ்சுவார். நோய்க்கால உதவித்தொகைக்கு அந்தத் தாள் வேண்டும், பாவம்தான். ஆனாலும் பார்க்காத நாளுக்குக் கையெழுத்துப் போட்டால் அது பொய்ச் சான்றிதழ். பதிவுப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரே நீக்கப்படலாம். சான்றிதழில் நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, முகவரி, ஒரு அங்க அடையாளம் வேண்டும். நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை.

கோயம்புத்தூர் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் கமிஷன் வாங்குவது தவறு என்பது வாங்குகிறவர்களுக்கே தெரியும். மருந்து கம்பெனியின் பரிசும் அப்படித்தான்.

உள்நோயாளி ஆவணங்களை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கும் ஆம்புலன்ஸுக்கு இந்த 72 மணி நேரக் கணக்கெல்லாம் சரிப்படாது. என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதிக் கையோடு கொடுத்தனுப்புங்கள்.