ஏலச்சீட்டில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

பத்து இருபது பேர் பணத்தைப் பொதுவில் போட்டு, மாதம் ஒருவராக எடுத்துக்கொள்வதுதான் சீட்டு. சேர்வது சுலபம். எந்த மாதம் ஏலம் கேட்பது, எவ்வளவு வரை தள்ளுவது (சீட்டை எடுக்க மொத்தப் பணத்தில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது) என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

படி 1: காகிதத்தைப் பாருங்கள்

1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, சீட்டு தொடங்கும் முன்பே பதிவாளரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த அனுமதி எண்ணைக் கேளுங்கள். "நமக்குள்ள எதுக்குங்க அதெல்லாம்?" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நடத்துபவரின் கமிஷனையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதன் உச்சவரம்பு சீட்டுத் தொகையில் 7 சதவீதம்.

படி 2: ஒரு மாத ஏலத்தை எழுதிப் பாருங்கள்

20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000 ரூபாய். சீட்டுத் தொகை 1 லட்சம். கமிஷன் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதம் ஒருவர், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் அவசரத்துக்கு 25,000 தள்ளிச் சீட்டை எடுக்கிறார். அவர் கைக்கு வருவது 75,000. தள்ளிய 25,000இல் கமிஷன் 5,000 போக மீதி 20,000, எடுத்தவர் உட்பட இருபது பேருக்கும் பிரியும். தலைக்கு 1,000 கழிவு. அதாவது 5,000 தவணைக்கு 4,000 கட்டினால் போதும். சில இடங்களில் இதை அடுத்த மாதத் தவணையில் கழிப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: கடைசி வரை கூட்டுங்கள்

பலரும் இதைச் செய்வதே இல்லை. மாதம் போகப் போக ஏலத்தில் போட்டி தணியும், கழிவும் குறையும். இருபது மாதத்தில் ஒருவருக்கு மொத்தம் 12,000 கழிவு கிடைத்தால், அவர் கட்டியது 88,000. மூன்றாம் மாதம் எடுத்தவர் 75,000 வாங்கி 88,000 கட்டுகிறார். அந்த 13,000தான் அவருடைய வட்டி. கடைசி ஆள் தள்ள வேண்டியதில்லை. கமிஷன் போக 95,000 வாங்குவார், லாபம் 7,000.

ஆகவே அவசரம் என்றால் இந்த வட்டியை நகைக்கடனோடு ஒப்பிடுங்கள். சேமிப்பு என்றால் வங்கி ஆர்டியோடு. உங்கள் தேவை இரண்டில் எது என்று தெரியாமல் ஏலத்தில் வாய் திறக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கேட்கும் வேகத்தில் நாமும் ஆயிரம் ஆயிரமாக ஏற்றிவிடுவோம்.

படி 4: ஜாமீனை முன்பே பேசி வையுங்கள்

சீட்டு எடுத்தவுடன் பணம் கைக்கு வந்துவிடாது. மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கேட்பார்கள், பெரும்பாலும் மாதச் சம்பளக்காரராக. அப்புறம், கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி, கழிவுத் தொகை அதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.