பூனையின் உறக்கத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோட்டில் பதினாறு ஆண்டுகளாகத் தெருவில் கைவிடப்பட்ட பூனைக்குட்டிகளை எடுத்து வளர்த்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேட்கும் வீடுகளுக்குக் கொடுத்து வருகிறேன். குட்டியைக் கொண்டுபோகிறவர்கள் முதல் மாதம் முழுவதும் அது உறங்கும் படங்களைத்தான் அனுப்புகிறார்கள். அவற்றோடு எழுதும் விளக்கங்களைப் படிக்கையில், நான் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வது தெரிகிறது. உறங்கும் பூனையை எழுப்பக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது என்பவை எல்லாரும் அறிந்தவை. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

சுருண்டு படுத்தால் மனவருத்தம் என்று நினைப்பது

வாலை மூக்கின்மேல் போர்த்திச் சும்மாடுபோலச் சுருண்டு கிடக்கும் பூனை, பெரும்பாலும் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்கிறது. பூனையின் உடல் சிரமமின்றி இருக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் என்பதால், நமக்கு இதமாகத் தோன்றும் அறை அதற்குக் குளிராக இருக்கும். ஆகவே மார்கழியில் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் வளரும் பூனை நாள் முழுவதும் சுருண்டு கிடப்பதும், அதனுடன் பிறந்த குட்டி சித்திரையில் தருமபுரியின் சிமெண்டுத் தரையில் நான்கு கால்களையும் நீட்டி ஒருக்களித்துக் கிடப்பதும் குண வேறுபாடு அல்ல, பருவ வேறுபாடு. கத்திரி வெயிலிலும் இறுகச் சுருண்டு, பெயர் சொல்லி அழைத்தாலும் அவிழாமல் கிடந்தால்தான் உடல்நலக் குறைவை நினைக்க வேண்டும்.

மல்லாந்த வயிற்றைத் தடவுவது

அது உங்களை நம்புகிறது, தடவச் சொல்லவில்லை.

குந்தியிருப்பதை உறக்கம் என்று நம்புவது

இந்தத் தவறு என் வீட்டில் ஓர் உயிரை வாங்கியது. 2013-ஆம் ஆண்டு மார்கழியில், செவலை என்று அழைத்த நான்கு வயதுக் கடுவன் ஒன்று கேழ்வரகு மூட்டைகளின் ஓரத்தில், அடைகாக்கும் கோழியைப் போலக் கால்களை உடம்புக்குக் கீழே வைத்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி ஒன்றரை நாள் அமர்ந்திருந்தது. குளிருக்கு ஒடுங்கி நிம்மதியாகத் தூங்குகிறது என்று எண்ணி, அதன்மேல் ஒரு சாக்கை மடித்துப் போர்த்திவிட்டு வயல் வேலைக்குப் போனேன். இரண்டாம் நாள் இரவு வாந்தி எடுத்தது. விடிந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, சிறுநீர்ப் பை எலுமிச்சம்பழம்போல இறுகிப்போயிருந்ததை மருத்துவர் என் விரலை வைத்தே தொட்டுக்காட்டினார். கடுவன்களின் சிறுநீர்க் குழாய் குறுகலானது. மணல்போன்ற துகள்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி, இரண்டொரு நாளில் இதயத்தையே நிறுத்திவிடும். செவலை அன்று நண்பகலில் இறந்தது.

நிம்மதியாகக் குந்தியிருக்கும் பூனைக்கும் வலியோடு குந்தியிருக்கும் பூனைக்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. அருகில் சென்று, உடம்பு தன் பாரத்தைத் தரையிடம் ஒப்படைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிம்மதியானது முன்பாதங்களை மார்புக்கு அடியில் மடித்துக்கொள்ளும்; அதன் முதுகு மெல்ல வளைந்திருக்கும், காதுகள் முன்நோக்கி இருக்கும், மீசை தளர்ந்து தொங்கும். வலியில் இருப்பது பாதங்களைத் தரையில் ஊன்றி, வயிற்றை எக்கி, முதுகைத் தூக்கி, தலையைத் தோள்மட்டத்துக்குக் கீழே தாழ்த்தி வைத்திருக்கும். காதுகள் பக்கவாட்டில் விலகும், கண்கள் இடுங்கும், மீசை நேராக விறைத்து நிற்கும்.

கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முகக்குறி அளவுகோல் இவற்றையே எண்ணாக்குகிறது: காது, கண், வாய்ப்பகுதி, மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் சுழி முதல் இரண்டு வரை மதிப்பிட்டு, பத்துக்கு நான்கு வந்தாலே வலிமருந்து தேவைப்படலாம் என்று கொள்கிறார்கள். உறங்கும் பூனையை இதனால் அளக்கக் கூடாது என்பதும் அந்த முறையின் விதி. ஆகவே முதலில் அது உறங்குகிறதா என்று அறிய வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே 1950-களின் இறுதியில் பூனைகளைக் கொண்டு கண்டறிந்தபடி, கனவு வரும் உறக்கத்தில் கழுத்துத் தசைகள் அறவே தளர்ந்துவிடும். தலை தானாக நின்றுகொண்டிருக்க முடியாது. காலையிலிருந்து மாலை வரை ஒருமுறையேனும் தலையைக் கீழே சாய்க்காத பூனை, நன்றாக உறங்கவே இல்லை என்று பொருள்.

கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டார் சென்ற மாதம் இப்படிக் குந்தியிருந்த தங்கள் கடுவனைப் படம் எடுத்து, "அண்ணா, ரெண்டு நாளா அசையாம தியானம் பண்ணுதுங்க" என்று எழுதியிருந்தார்கள். தியானம் என்ற அந்தச் சொல்லை இதுவரை எத்தனை பேரிடமிருந்து கேட்டுவிட்டேன்! ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் சாக்கைப் போர்த்திய என் கை நினைவுக்கு வந்துவிடுகிறது. உடனே தொலைபேசியில் அழைத்து, மணல் தட்டு நனைந்திருக்கிறதா என்று கேட்டேன். காய்ந்திருக்கிறது, அடிக்கடி போய் முக்கிவிட்டு வருகிறது, அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைப் பக்குவமாக முறித்து வெளியேற்ற முடியாது. அது இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும், ஒரே மாத்திரையும் கொல்லக்கூடும். மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கணமே கிளம்பச் சொன்னேன். மயக்கம் கொடுத்து, குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றினார்கள். மூன்றாம் நாள் அது ஒருக்களித்துப் படுத்திருக்கும் படம் வந்தது.

துடிப்பை வலிப்பு என்று அஞ்சுவது

உறக்கத்தில் மீசையும் பாத நுனிகளும் சிலிர்ப்பதும், தாடை அதிர்வதும், கண்கள் இமைக்குள் உருள்வதும் மேலே சொன்ன கனவு உறக்கத்தின் அடையாளங்கள்தாம். மெல்லப் பெயர் சொல்லி அழைத்தால் அது விழித்துக்கொள்ளும். வலிப்பில் அழைப்பு எட்டாது. உடம்பு முழுவதும் விறைக்கும், சிறுநீர் கசியலாம். இந்த வேறுபாடு தெரியாமல் ஒருவர் ஓசூரில் நள்ளிரவில் குட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மருத்துவரைத் தேடி ஓடியிருக்கிறார். அஞ்சி ஓடியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பரணிலிருந்து இறக்கி மெத்தையில் போடுவது

உயரம்தான் அதற்குப் பாதுகாப்பு. விட்டுவிடுங்கள்.

மணல் தட்டிலேயே உறங்கினால் சிரித்துவிட்டுப் போவது

அச்சமாகவோ சிறுநீர்த் தொல்லையாகவோ இருக்கலாம். தட்டைப் பாருங்கள்.

மூச்சை எண்ணாமல் விடுவது

நன்றாக உறங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். முப்பதுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் காத்திருக்கவே கூடாது.

ஒரு நாள் படுக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்வது

பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் உறங்கும். அதற்குள் எத்தனையோ விதமாகப் படுக்கும். எந்த ஒரு நிலையையும் தனியே எடுத்துப் பொருள் சொல்வதைவிட, வழக்கம் மாறியது எப்போது என்று கவனிப்பதே பயன் தரும். அதற்காக ஒவ்வொரு குட்டியுடனும் ஒரு சிறு குறிப்பேட்டையும் கொடுத்தனுப்புகிறேன். என் வீட்டில் இப்போதிருக்கும் பதின்மூன்று வயதுக் கிழப்பூனை, ஆண்டுக்கணக்காகப் பரணில் உறங்கியது, சென்ற ஐப்பசியில் உரலின் ஓரத்துக்கு இறங்கிவந்துவிட்டது. பக்கத்து வீட்டார் அதற்குப் பரண் சலித்துவிட்டது என்றார்கள். ஏறிக் குதிக்க முடியாத மூட்டுவலி என்று மருத்துவர் சொன்னார். பரணுக்குக் கீழே இரண்டு கேழ்வரகு மூட்டைகளைப் படிபோல அடுக்கிவைத்திருக்கிறேன். இரண்டாவது மூட்டை வரை ஏறி, அங்கேயே ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறது.