ஃபோர்ட் வொர்த் வாட்டர் கார்டன்ஸ்: முதல் தடவை போகிறவர்களுக்கு

டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகர மையத்தில், மாநாட்டு மையத்தை ஒட்டியே இருக்கிறது இந்தப் பூங்கா. பெயரைப் பார்த்து அல்லிக்குளமும் பூப்பாத்தியும் தேடாதீர்கள். இங்கே இருப்பது கான்கிரீட், தண்ணீர், மரங்கள். பிலிப் ஜான்சன், ஜான் பர்கி என்ற இரு கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து, 1974-ல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

மூன்று குளங்கள், மூன்று விதமான சத்தம். பெரிய சத்தம் வரும் பக்கம் முதலில் போனால் மற்ற இரண்டும் சப்பென்று ஆகிவிடும். அதனால் நான் சொல்லும் வரிசையில் போய்ப் பாருங்கள்.

1. கிளம்பும் முன்

டாலஸிலிருந்து டிரினிட்டி ரயில்வே எக்ஸ்பிரஸ், டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்திலிருந்து டெக்ஸ்ரயில் என்ற ரயில். எதில் வந்தாலும் டி அண்ட் பி நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயில் ஓடுகிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், கான்கிரீட் அனலாகக் கொதிக்கும். காலையிலோ சாயங்காலமோ போங்கள். வழுக்காத செருப்பு அவசியம். பராமரிப்புக்காகத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்களா என்பதையும் விசாரித்துவிடுங்கள். தண்ணீர் ஓடாவிட்டால் போவதில் அர்த்தமில்லை.

2. அமைதிக் குளம்

தெரு மட்டத்துக்குக் கீழே, உயர்ந்த சுவர்களுக்கும் சைப்ரஸ் மரங்களுக்கும் நடுவே அசையாமல் கிடக்கும் நீல நிறத் தண்ணீர். சுவர் முழுக்க மெல்லிய நீர்ப்படலம் வழிந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் தூறல் மாதிரி கேட்கும். தெருவில் போகும் வண்டிச் சத்தத்தை அதுவே அமுக்கிவிடும். உடனே போட்டோ எடுக்க ஆரம்பிக்காமல், ஒரு ஓரமாகச் சும்மா உட்காருங்கள். காது பழகியபிறகு எழுந்தால் போதும்.

3. பீய்ச்சும் குளம்

40 முனைகளிலிருந்து தண்ணீர் விசிறியாகப் பீய்ச்சி அடிக்கும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் துளிகள் அழகாக மின்னும். இங்கே ரொம்ப நேரம் வேண்டாம்.

4. மலை

கான்கிரீட் தட்டுகளை அடுக்கிச் செய்த மேடு. மேலே ஏறினால் நடு முற்றம் கண்ணுக்குத் தெரியும். அடுத்து எந்தப் பக்கம் இறங்குவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்துகொள்ளலாம்.

5. பாயும் குளம்

எல்லோரும் பார்க்க வருவது இதைத்தான். நாலாபக்கமும் இருந்து தண்ணீர் தட்டுத் தட்டாகக் குதித்து, 38 அடி கீழே உள்ள சிறு குளத்தில் விழும். தண்ணீருக்கு ஊடே போட்டிருக்கும் கான்கிரீட் பலகைகளில் கால் வைத்து அடிவரை இறங்கலாம். நம் ஊர்க் கோயில் குளத்துப் படி போல ஒரே சீராக இருக்காது. உயரமும் கோணமும் மாறிக்கொண்டே வரும். ஒவ்வோர் அடியையும் பார்த்து வையுங்கள். செல்போன் பைக்குள் இருக்கட்டும். அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர், மேலே வானம், பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. வந்ததற்கான பலன் அந்த இடத்தில்தான்.

ஆனால் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது. 2004 ஜூன் மாதம் இந்தக் குளத்தில் வயது வந்த ஒருவரும் மூன்று பிள்ளைகளும் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது அடி ஆழத்தை இரண்டு அடியாகக் குறைத்து, 2007-ல்தான் மறுபடி திறந்தார்கள். ஆழம் குறைந்துவிட்டது என்று அசட்டையாக இருக்காதீர்கள். குழந்தைகளைப் பலகைகள் வழியாகக் கீழே கூட்டிப்போனால் கையை விடவே வேண்டாம். கைக்குழந்தை என்றால் ஒருவர் மேலேயே வைத்துக்கொண்டு நிற்கட்டும், பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம்.

அப்புறமும் நேரம் இருந்தால், இதே ஊரில் ஏமன் கார்ட்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1961-ல் திறந்த அந்தக் கட்டடமும் பிலிப் ஜான்சன் வடிவமைத்ததே. கொஞ்சம் தூரம் என்பதால் பஸ்ஸோ காரோ வேண்டும்.