தோள் முறுக்குக்குப் பத்து நிமிட நீவல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வேலை தவறாமல் நடக்கும்: அப்பாவின் கழுத்தை நீவி விடுவது. நாள் முழுக்க நீளக் கழியில் மாட்டிய அரிவாளோடு, அண்ணாந்து பார்த்தே செம்பனைக் குலை வெட்டுகிறவர். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் சதை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும்.

கொஞ்சம் நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதலில் உள்ளங்கையால் மட்டும் கழுத்தடியிலிருந்து தோள் நுனி வரை மெதுவாக ஐந்தாறு முறை நீவுங்கள். அப்புறம் முறுக்கு இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, அவர் மூச்சை விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்துங்கள். வலித்தாலும் சுகமாக இருக்கிறது என்று சொல்லும் அளவு போதும். முதுகெலும்பின் மேலும் தொண்டைப் பக்கமும் அழுத்தவே கூடாது.

சதை இளகும், தூக்கமும் நன்றாக வரும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. என்ன கேட்டாலும் "ஒன்னுமில்லம்மா" என்கிற அப்பா, ஐந்தாவது நிமிடத்தில் மனசில் இருப்பதைத் தானாகவே பேச ஆரம்பிப்பார்.

காய்ச்சல், காயம், எலும்பு முறிவு இருந்தால் நீவ வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் தொடவே தொடாதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இனிப்புநீரால் (நீரிழிவு நோயால்) பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடான எண்ணெய் கூடாது. சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.