போர் தண்ணியில கெட்டுப்போன முடி, நான் சரி பண்ண விதம்

வேளச்சேரிக்கு வீடு மாறின மூணே மாசத்துல முடி நார் மாதிரி ஆயிடுச்சு, சீப்பு இறங்கவே இல்ல, ஷாம்புவும் நுரைக்காது. குழாய் வாயில வெள்ளையா படிஞ்சிருந்தத நகத்தால சுரண்டினப்பதான் புரிஞ்சுது, போர் தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் தலையிலயும் இப்படித்தான் படியுதுன்னு. ஷவர் ஃபில்டர் வாங்காதீங்க ப்ளீஸ், பெரும்பாலும் அது குளோரினத்தான் குறைக்கும், உப்ப எடுக்காது, எனக்கு காசுதான் போச்சு. இப்ப போர் தண்ணியில குளிச்சுட்டு கடைசியா அரை பக்கெட் மெட்ரோ வாட்டர்ல, அதாவது சென்னை குடிநீர் வாரியம் விடற தண்ணில, தலைய அலசறேன், 15 நாளைக்கு ஒருதடவ ஒரு மக் தண்ணில ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு அலசிடுவேன், அந்தப் படிவ கரைக்கறது இந்தப் புளிப்புதான். தேங்கா எண்ணெய் முந்தின ராத்திரியே. ரெண்டு மாசம் கழிச்சு அம்மா பின்னல் போடும்போது, வழுக்கிட்டுப் போகுதேடின்னாங்க.