உங்கள் ஆய்வு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பதவி உயர்வு விண்ணப்பத்தில் 'உங்கள் ஆய்வின் தாக்கத்தை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அரை மணி நேரத்தில் நிரப்பிவிட்டேன்: கட்டுரை ஆறு, மேற்கோள் (பிற ஆய்வுக் கட்டுரைகளில் சுட்டப்பட்டது) 71, எச்-இன்டெக்ஸ் என்ற மேற்கோள் அளவுகோல் 5. நேர்காணலில் மூத்த பேராசிரியை ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, இதனால் எந்த மாணவிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். விழித்தேன். அடுத்த முறை அதே கட்டத்துக்கு ஆறு வாரம் உழைத்தேன். செவிலியர் கல்வியிலோ பிற மருத்துவத் தொழிற்கல்வியிலோ ஆய்வு செய்பவர்களுக்கு அந்த ஆறு வார வேலை உதவலாம்.

முதலில் பெயரைச் சரிசெய்யுங்கள். என் கட்டுரைகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடந்தன: முதலெழுத்து முன்னால், முதலெழுத்து பின்னால், முதலெழுத்தே இல்லாமல். ஆர்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண் 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதை வாங்கி, எல்லாக் கட்டுரைகளையும் அதன்கீழ் சேர்த்துவிடுங்கள். ஒரு மாலை போதும்.

பிறகு எண்கள். எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தது: ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதன் அதிகபட்ச எண். என் ஆறு கட்டுரைகளின் மேற்கோள்கள் 31, 18, 9, 6, 5, 2. குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பட்டவை ஐந்து. ஆகவே எண் 5. அவ்வளவுதான் சங்கதி. கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுதளம் ஆய்வேடுகளையும் மாநாட்டு ஆவணங்களையும்கூடச் சேர்த்து எண்ணுவதால், பெரும்பாலும் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். எதில், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டரை உங்கள் பெருமையாக எழுதாதீர்கள். அது இதழின் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களின் சராசரி, உங்கள் கட்டுரையின் தரம் அல்ல. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா என்ற ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனம் இதைத்தான் சொல்கிறது.

இனித்தான் உண்மையான வேலை. உங்களை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உங்கள் பெயர் எந்த வரியில் வருகிறது என்று பாருங்கள். 31 மேற்கோள் பெற்ற என் கட்டுரையை எடுத்தேன். அந்த 31இல் மூன்று நானே என்னைக் காட்டிக்கொண்டவை. இருபத்து நான்கில், முன்னுரையின் முதல் பத்தியில் பத்துப் பேரோடு கூட்டத்தில் நின்றேன். மீதி நான்கு மட்டும் நான் உருவாக்கிய மருந்து கொடுக்கும் செய்முறைக்கான சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துத் தங்கள் மாணவர்களிடம் பயன்படுத்தியிருந்தன. வெட்கமாக இருந்தது, ஆனால் எழுதுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது. 31 என்ற எண்ணைவிட அந்த நான்கைப் பற்றி எழுதிய ஒரு பத்தி கனமாக இருந்தது.

அந்தப் பத்தியை அடுக்க கிர்க்பேட்ரிக் என்பவர் வகுத்த நான்கு படிகள் உதவின: பயின்றவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வார்டில் நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பயன் கிடைத்ததா. பயிற்சியை மதிப்பிட வந்த கருவி இது. ஆய்வின் தாக்கத்துக்கு நானாகப் பொருத்திக்கொண்டேன். எந்தப் படிவரை சான்று இருக்கிறதோ அங்கேயே நில்லுங்கள். என்னிடம் இருந்தது இரண்டாம் படிவரைதான். 'மருந்துப் பிழைகள் குறைந்தன' என்று எழுதக் கை துடித்தது. வார்டில் ஆள் கூடியிருக்கலாம், மருந்துச் சீட்டு கணினிக்கு மாறியிருக்கலாம். பெருமை முழுவதும் எனக்கு எப்படி வரும்? 'பங்களித்தது' என்று எழுதுவதற்கே சான்று வேண்டும்.

மேற்கோளே வராத தாக்கம்தான் நம் துறையில் அதிகம். ஹார்டனும் சகாக்களும் 1975இல் விவரித்த ஆஸ்கி தேர்வை, அதாவது மாணவர்கள் நிலையம் நிலையமாக நகர்ந்து செய்முறைகளைச் செய்துகாட்டும் தேர்வை, எடுத்துக்கொள்ளுங்கள். மணி அடித்ததும் அடுத்த நிலையத்துக்கு நகரும் மாணவிக்கு ஹார்டன் யாரென்று தெரியுமா? தேர்வு நடத்தும் ஆசிரியைகள் பலரும் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள். ஆகவே கட்டுரைகளோடு நிற்காமல் பாடத்திட்டங்கள், செய்முறைக்கூடக் கையேடுகள், மருத்துவமனைப் பயிற்சிக் கோப்புகள் ஆகியவற்றிலும் தேடுங்கள். கருவியின் தலைப்பைத் தேடுவதைவிட, அதிலுள்ள வித்தியாசமான ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுவது பலன் தரும். தலைப்பை எல்லோரும் மாற்றிவிடுவார்கள்.

'நோயாளி தன் பெயரைத் தானே சொல்லும்வரை காத்திருந்தார்' என்ற என் வரியை அப்படித் தேடியபோது, நான் கேள்விப்பட்டே இராத ஒரு கல்லூரியின் கையேடு வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. ஆனால் பட்டியலில் ஆறாம் எண் இரண்டு முறை இருந்தது. அது என் தட்டச்சுப் பிழை. அச்சில் அப்படியே வந்துவிட்டது.

கோபமாக எழுதாதீர்கள். நான் நான்கே கேள்விகள் அனுப்பினேன்: எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை மாணவர்கள், எதை மாற்றினீர்கள், இதை ஒரு கடிதமாகத் தர முடியுமா? பத்து நாளில் பதில் வந்தது. மூன்று ஆண்டுகளாக, ஆண்டுக்கு அறுபது பேர், இரண்டு வரிகளை நீக்கியிருக்கிறோம் என்று கையொப்பமிட்ட கடிதம். விண்ணப்பத்தோடு இணைத்தது அதைத்தான். அடியில் பணிவாக ஒரு கேள்வியும் இருந்தது: ஆறாம் எண் இரண்டு முறை வருவதற்குக் கற்பித்தல் ரீதியாக ஏதாவது காரணம் உண்டா, மேடம்?